முதுகைக் காட்டக் கூடாது

கோழி வாத்தியார் என்றால் அந்த வட்டாரத்துக்கே தெரியும். வீட்டில் கோழி வளர்க்க ஆசைப்பட்டுப் போன் செய்கிறவர்களைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

அன்று பத்து மணிக்கு அவர் தோட்டத்தில் பயிற்சி வகுப்பு. ஒன்பதரைக்குப் போன் அடித்தது. கால் மாற்றி நின்றுகொண்டு எடுத்தார். யாரோ ஒரு பெண்.

"சார், கோழி முட்டை போடச் சேவல் கட்டாயம் வேணுமா?"

"நல்ல கேள்வி போங்க! குஞ்சு பொரிக்கணும்னாத்தாம்மா சேவல். இதுகூடத் தெரியாம கோழி வளர்க்கக் கிளம்பிட்டீங்களா?"

"புதுசு சார். சேவல் பாய்ஞ்சு கொத்த வந்தா?"

"அசையாம நில்லுங்க. முதுகைக் காட்டி ஓடினீங்க, அவ்வளவுதான், ஆயுசுக்கும் துரத்தும். லபக்குனு பிடிச்சு அக்குள்ல இடுக்கிட்டுப் பத்து நிமிஷம் நடங்க. யார் எசமான்னு அதுக்குப் புரிஞ்சுடும்."

"பயமா இருந்தா எங்கயாவது உயரமா ஏறிக்கலாமா?"

வாத்தியாருக்குச் சிரிப்பு பீறிட்டது. "ரெண்டு கிலோ பறவைக்குப் பயந்து ஏறுவாங்களா? அந்த மாதிரித் தொடைநடுங்கிக்கெல்லாம் பொம்மைக் கோழிதான் லாயக்கு!"

"சரி சார். நான் பக்கத்து வீட்டுக்குப் புதுசாக் குடிவந்திருக்கேன். உங்க கேட்டுல இருக்கிற போர்டைப் பார்த்துத்தான் போன் பண்ணேன். இப்ப மாடி ஜன்னல்ல நிக்கிறேன்."

வாத்தியார் மெல்ல நிமிர்ந்து பார்த்தார். அவள் கையசைத்தாள்.

"அரை மணி நேரமா அந்தக் கூண்டுக் கூரை மேலயே நிக்கிறீங்க. கீழே ஒத்தைச் செருப்பு வேற கிடக்கு. ஏணி கொண்டு வரட்டுமா? இல்ல, பத்து மணி வகுப்பை உங்க சேவலே எடுத்துடுமா?"