பனை நின்ற இடம்

பனை சாய்ந்தால் வீடு தாங்காது என்று ஒவ்வொரு காற்றுக்காலத்திலும் கித்தேரி புலம்புவாள். தொபியாஸ் சிரித்துக்கொண்டே "வெட்டாத" என்பான், ஏனென்று சொல்லமாட்டான். கடைசியில் அவன் கடலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அவளே ஆள் வைத்து வெட்டிவிட்டாள்.

அன்று அவன் வெறும் வள்ளத்தோடு திரும்பி வந்து, முற்றத்தில் மிஞ்சியிருந்த பனையின் அடிமரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கடல்ல நின்னு பாத்தா இந்தப் பனையும் கோவில் கோபுரமும் ஒண்ணாச் சேரும் பாரு, அங்கதான் அடியில பாறை கெடக்கு. நம்ம கலவா மீனு அம்புட்டும் அந்தப் பாறையிலதான்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"வெளிய தெரிஞ்சா ஊரு வள்ளமெல்லாம் அங்க வந்துரும், பொண்டாட்டிகிட்டகூட சொல்லக்கூடாதுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு."

மறுநாள் அவன் போனபிறகு, கித்தேரி தன் சிவப்புச் சேலையை நீள மூங்கிலில் கட்டி, அடிமரத்தில் ஏறி நின்று உயர்த்திப் பிடித்தாள். தூரத்தில் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருந்த அவன் வள்ளம் ஓரிடத்தில் நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, சுற்றியிருந்த மற்ற வள்ளங்களும் ஒவ்வொன்றாக அந்த இடத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. மூங்கிலை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் பிடித்தபடியே நின்றாள்.