ஒப்பரேட்டிங் சிஸ்டம் மாப்பிள்ளை

“பிள்ளை, கொம்பைலர் எழுதச் செலவு கூடவோ, ஒப்பரேட்டிங் சிஸ்டம் எழுதச் செலவு கூடவோ?” என்று மகனோடு பெண் பார்க்க வந்த சீதேவி, பவதாரணியைக் கேட்டார்.

அவருடைய மகன் தேனுஜன் கனடாவில், கணினியை இயக்கும் ஒப்பரேட்டிங் சிஸ்டம் எழுதுகிறான். அதனால் அறுபது லட்சம் சீதனம் கேட்டிருந்தார். பவதாரணி குடும்பம் தீவிலுள்ள தங்கள் புளியங்கூடல் வீட்டை விற்றால்தான் அவ்வளவு பணம் சேரும்.

“ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்குத்தான் மாமி. கொம்பைலரை ஒராளே எழுதலாம். மற்றதுக்கு ஆயிரம் பேர் வேணும்” என்றாள் பவதாரணி.

“கேட்டியளே ஏரம்பண்ணை! பத்தாம் வகுப்போடை படிப்பை விட்ட உங்கடை மகளுக்கே விளங்குது.”

பவதாரணியின் அப்பா ஏரம்பு கொஞ்சம் யோசித்தார். “அப்ப அறுபது லட்சத்தை ஆயிரம் பேருக்குப் பிரிச்சால், தம்பிக்கு ஆறாயிரந்தானே வரும்?”

“பகிடி விடாதேங்கோ. கொம்பைலர் எழுதின ஒராளை இந்தத் தீவிலை காட்டுங்கோ பாப்பம். எனக்கு ஒரு சதமும் வேண்டாம்!”

தேனுஜன் தொண்டையைச் செருமினான். “அம்மா, நாங்கள் எழுதுறதைக் கணினிக்கு விளங்கப்பண்ணுறது கொம்பைலர்தான். எங்கடை கொம்பனி பாவிக்கிறது இவ தனிய எழுதினது. அதாலைதான் இவவைப் பாக்க வந்தனான்.”

மகனைக் கதிரையிலேயே விட்டுவிட்டு, சீதேவி எழுந்து போனார்.