ஒரே ஒரு பார்வையாளர்

"யாருங்க டீச்சர் அந்த ஆளு?"

தலைமையாசிரியர் தன் போனை மேசையில் கணக்கு டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார். திரையில் அதே டீச்சர் கரும்பலகை முன் நின்று வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தார். கீழே 'அணில்' என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"யாருன்னு எனக்கும் தெரியாது சார்."

"பசங்களுக்காக வீடியோ போடுறேன்னு சொன்னீங்க. பசங்க பரீட்சைக்கு முந்தின நாள்தான் எட்டியே பாக்குறாங்க. இவன் மட்டும் தினம் வர்றான், அதுவும் நாம ஸ்கூல்ல இருக்குற நேரமாப் பாத்து! கேளுங்க, 'உங்க குரலைக் கேட்டாதான் டீச்சர் எனக்குப் பொழுதே விடியுது.' இது கணக்குல சந்தேகமா?"

"அடுத்த வரியையும் படிங்க சார்."

வேண்டாவெறுப்பாகப் படித்தார். "'தொடுகோடு வரையுறப்ப அடுப்புல பால் பொங்கிடுச்சு. அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க.' பாத்தீங்களா? தனியாச் சமைச்சுச் சாப்பிடுற பய!"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதைத்தான் நேத்து மறுபடி எடுத்துப் போட்டேன்."

"அவனுக்காகவா? ஸ்மார்ட் போர்டு எதுக்கு மாட்டியிருக்கோம்? கம்பெனிக்காரன் கலர் கலரா வீடியோ குடுத்திருக்கானே!"

"அதுகிட்ட சந்தேகம் கேட்டா பதில் வராது சார்."

"நாளைக்கு நாலு பேர் பேசினா ஸ்கூல் மானம் என்ன ஆகும்?"

"கணக்கு சொல்லிக்குடுத்தா யார் மானமும் போகாது."

"வாயாடாதீங்க. இப்பவே, என் கண்ணு முன்னாடி எல்லாத்தையும் அழிங்க. இல்லேன்னா மெமோ."

"குடுங்க சார். கையெழுத்துப் போட்டு வாங்கிட்டு, சாயந்தரம் அடுத்த பாடத்தை எடுக்குறேன்."

தலைமையாசிரியர் முகம் சிவந்தது. தாளை இழுத்துப் பேனாவைத் திறந்தார். அப்போது வாசலில் காத்து நின்ற அவர் மனைவி சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்தார்.

"இன்னைக்கும் லேட்டா?"

"அடி பிடிச்சிடுச்சுங்க. மறுபடி சமைச்சேன்."

"சரி, வெச்சிட்டுக் கிளம்பு. இது படிச்சவங்க விவகாரம்."

அந்த அம்மாள் கிளம்பவில்லை. மேசையில் கிடந்த போனைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். கூடையை அந்த மெமோ தாளின் மேலேயே அழுத்தி வைத்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எதையும் அழிச்சுடாதீங்க டீச்சர், அடுத்த மாசம் எனக்குப் பத்தாவது பரீட்சை!"