சம்பந்தியின் குடிப்பழக்கம்

ஹாலுக்குள் நுழைந்த ஆளைப் பார்த்ததும் காளியண்ணனுக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

சாட்சாத் அவருடைய சம்பந்தி அங்கமுத்து!

குடியை விட நினைப்பவர்களின் கூட்டம் அது. உள்ளூரில் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், சம்பந்தி வீட்டுக்குச் சேதி போகும், தை மாதம் வைத்திருக்கிற கல்யாணம் நின்று போகும் என்று பயந்து, திருச்செங்கோட்டிலிருந்து பஸ் மாறி அயோத்தியாப்பட்டணம் வரை வந்திருந்தார் காளியண்ணன். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் இந்த ஹாலைப் போனில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தது மகள் யாழினி. கல்யாணப் பெண்ணும் அவள்தான்.

வந்த இடத்தில் சம்பந்தி!

பயம் ஒரு நிமிடம்தான். அடுத்த நிமிடம் நாற்காலி மேல் ஏறி நின்று ஆடலாம் போலிருந்தது காளியண்ணனுக்கு.

பின்னே? நிச்சயதார்த்தத்தன்று இந்த மனுஷன் அடித்த பெருமை கொஞ்சமா? "எங்கூட்டுல மோரு புளிச்சுப் போனாக்கூடக் கீழ ஊத்திருவோமுங்க" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னவர். அன்றைக்கு எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லிச் சொல்லிக் கார் டிக்கியைத் திறக்கப் போய்க்கொண்டிருந்த காளியண்ணன் கூனிக் குறுகிப் போனார்.

'மாட்டுனியா மகராசா!'

"ஏனுங்க சம்பந்தி, நீங்களுமா?" என்றார், வாயெல்லாம் பல்லாக.

அங்கமுத்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். "என்னங்க பண்றது, ஆரம்பத்துல வெளையாட்டாத்தான் இருந்துச்சு."

காளியண்ணனுக்கு உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. இனிமேல் கல்யாணத்தை யார் நிறுத்த முடியும்?

கூட்டத்தை நடத்தும் ஆண்ட்ரூஸ் எழுந்தார். "இங்க குடிப்பழக்கம் இருக்கறவங்க மட்டும்தான் உட்காரலாம். இல்லாதவங்க, தொணைக்கு வந்தவங்க யாராவது இருந்தா வெளிய உட்காருங்க."

யாரும் அசையவில்லை.

"புதுசா வந்தவர் ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்று காளியண்ணனைக் கைகாட்டினார்.

பட்டாசு நமத்துப் போயிற்று. அடுத்தவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். 'நான் குடிகாரன்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. காளியண்ணன் எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. இன்னொரு நாளைக்கு வாரேனுங்க."

பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு ஒயின்ஷாப் இருந்தது. வரும்போதே கண்ணில் பட்டுவிட்டது. இப்போது வெளியே போனால் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே தெரியும்.

"நான் பேசறேனுங்க!"

துள்ளி எழுந்த அங்கமுத்து, காளியண்ணனின் வழியை மறித்து நின்றுகொண்டார்.

"எம்பேரு அங்கமுத்துங்க. பெரிய குடிகாரனுங்க நானு. காலைல எந்திரிச்சதும் பீருங்க. பாதி பீரு, பாதி தண்ணி."

"பீருக்குத் தண்ணியா?" பின்வரிசையில் ஒரு குரல்.

"சளி புடிச்சிருந்தா சுடுதண்ணிங்க."

முன்வரிசையில் ரெண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாயங்காலமானா பிராந்திங்க. எங்க செட்டு ஆளுக பத்துப் பேரும் சுத்தி உக்காந்து ஒரு குவாட்டர முழுசாக் காலி பண்ணிருவோம். அப்புறம் ஒருத்தனுக்கும் தலகால் புரியாதுங்க."

"தொட்டுக்க?" ஆண்ட்ரூஸ் வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"பாயசமுங்க."

அந்த ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் இதுவரை குடித்ததை ஒன்றாக ஊற்றினால் ஒரு ஏரி நிரம்பும். அவ்வளவு அனுபவஸ்தர்களும் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். இன்னொருவர் கீழே விழாத சாவியைத் தேடிக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆனால் ஒருத்தர்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை.

ஆண்ட்ரூஸ் படாதபாடுபட்டு முகத்தை நேராக்கினார். "உங்களுக்கு ரொம்ப முத்திப் போயிருக்கு. வாராவாரம் தவறாம வாங்க."

ஹாலே அதிரக் கைதட்டினார்கள்.

அந்தச் சத்தத்தில் காளியண்ணன் சம்பந்தியின் காதருகே குனிந்தார். "நீங்க குடிச்சதே இல்லீங்களா?"

"மெதுவாப் பேசுங்க, எந்திரிச்சு வெளிய போகச் சொல்லிருவாங்க. அப்புறம் உங்களுக்கு யாரு தொணை?"

"என்னப் பத்தி உங்களுக்கு எப்படிங்க...?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே யாழினி ஒளிவுமறைவில்லாமச் சொல்லிருச்சுங்க. தெரிஞ்சுதான் தட்டு மாத்துனோம். இன்னைக்கு நீங்க தனியா வாரீங்கன்னும் அதுதான் போன் பண்ணுச்சு."

காளியண்ணனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. தோளில் இருந்த பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றார்.

"எம்பேரு காளியண்ணனுங்க..." என்று ஆரம்பித்தவர், திக்கி நின்று சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"நிறுத்தாமப் பேசுங்க சம்பந்தி" என்று கெஞ்சினார் அங்கமுத்து. "எனக்கு இதுக்கு மேல குடிக்கத் தெரியாதுங்க!"