ஒண்ணாம் நம்பர் படம்

"சாய்கால், ஒண்ணாம் நம்பர் யாரு?" மார்பகச் சோதனை முகாமுக்கு நாரின் நகரத்திலிருந்து மதியம்தான் வந்துசேர்ந்த டாக்டர் மீரிம், ஊர்ப் பெண்களை முகாமுக்குத் திரட்டிவந்த என் பக்கம் திரையைத் திருப்பினார்.

காலையில் எடுத்த வெப்பக் கேமரா படத்தில் முகம் கிடையாது, பெயரும் கிடையாது. நீல மார்பின் இடது பக்கம் ஓரிடம் மட்டும் கங்குபோலச் சிவந்திருந்தது.

"ரொட்டியா இருக்கும் டாக்டர். பனியில ஆறிடக் கூடாதுன்னு சுடச்சுடக் கோட்டுக்குள்ள சொருகிக்கிட்டு வருவாளுங்க. கழட்டினாலும் அந்தச் சூடு தோல்ல தங்கிடும். இன்னைக்கு மட்டும் வேணாம்னு தொண்டை கிழியக் கத்தினேன். எவ கேட்டா?"

"ரொட்டின்னா நல்லதுதான். ஆனா வேகமா வளர்ற கட்டிக்கு ரத்தம் அதிகமா ஓடும். அதுவும் இப்படித்தான் சுடும். இன்னைக்கே ஸ்கேன் பார்க்கணும். ஆளைப் பிடி!"

என் பட்டியலில் முதல் பெயர் புரூல். கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன். அவள் பஸ் படியில் கால் வைத்துவிட்டாள்.

"அக்கா, இறங்கு! காலையில கோட்டுக்குள்ள ரொட்டி வச்சிருந்தியா? உண்மையைச் சொல்லு!"

"நீ கத்தின கத்துக்கு எவடி வைப்பா?"

"அப்ப என்கூட வா. ஒண்ணாம் நம்பர் படம் உன்னோடது."

"என்னோடது ரெண்டாவதுடி. நாங்க எல்லாரும் வெட்கப்பட்டு நின்னப்ப, 'கேமரா மேல படவே படாது, பாருங்க'ன்னு முதல்ல சட்டையைக் கழட்டினது நீதானே? பொத்தானை அமுக்கினதே நான்தான்!"

டிரைவர் ஹாரன் அடித்தார்.

நான் கோட்டுக்குள் கைவிட்டு இடது பக்கம் தடவிப் பார்த்தேன்.

ரொட்டி இல்லை. காலையிலும் இல்லை.