முப்பது கியூபிக் மீட்டர்

"ஒரு கியூபிக் மீட்டருக்கு எத்தனை லிட்டர்? சட்டுனு சொல்லு மாப்ளே!"

"ஆயிரம்."

"ஆயிரம் கியூபிக் மீட்டருக்கு?"

"பத்து லட்சம். ஒரு மெகா லிட்டர்!"

"அப்படிப் போடு!" என்று அழகுமலையின் முதுகில் தட்டினான் சுஐபு.

அது 2006 ஆகஸ்ட். வளைகுடாவில், அஜ்மான் தொழிலாளர் கேம்ப்பில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று காலியாகியிருந்தது. டேங்கர் வந்தால் ரசீதில் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்க நிழல். கட்டட சைட் வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்திருந்த அழகுமலை, மூன்றாவது முறை எழுந்திருக்க மாட்டோம் என்றே பயந்து கிடந்தான்.

அதே வேலைக்கு சுஐபும்தான் மனுப் போட்டிருந்தான். முன்பு ஒரு வருடம் தண்ணீர் டேங்கரில் கிளீனராக ஓடியவன், அளவெல்லாம் அத்துப்படி. இருந்தும் பத்து நாளாக உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறான். போட்டிக்கு நிற்கிறவனுக்கே சொல்லிக்கொடுக்க எவனுக்கு மனசு வரும்?

"உனக்கும் அந்த வேலை வேணும்ல மச்சான்?"

"எனக்கு வெயில் தாங்கும். உனக்குத்தான் தாங்காது. இங்க பாரு, ரசீதுல கியூபிக் மீட்டர்னு இருக்கும். தொட்டி மீட்டர் லிட்டர்ல ஓடும். ரெண்டையும் ஒத்துப் பாத்துத்தான் கையெழுத்துப் போடுவேன்னு சொல்லு. கேம்ப் பாஸ் அசந்துடுவாரு."

அழகுமலைக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

வெள்ளிக்கிழமை கேம்ப் பாஸ் பாலமுரளி இருவரையும் கூப்பிட்டார். முதலில் அழகுமலை.

"ரசீதுல முப்பது கியூபிக் மீட்டர். தொட்டி மீட்டர்ல எவ்வளவு ஏறணும்?"

"முப்பதாயிரம் லிட்டர் சார்! ஒத்துப் பாக்காம கையெழுத்தே போட மாட்டேன்."

பாலமுரளி பேனாவை மூடி வைத்தார். "கெட்டிக்காரன்தான். வெளிய இரு."

அடுத்து சுஐபு. கதவு திறந்தே இருந்ததால் பேச்சு வெளியே கேட்டது. கேள்வியும் அதேதான்.

"முன்னூறு லிட்டரா சார்? நமக்கு அதெல்லாம் பிடிபடாது. நீங்க காட்டுற இடத்துல கையெழுத்துப் போட்டுடறேன்."

அடப்பாவி, எனக்காக வேண்டுமென்றே தப்பாகச் சொல்கிறானே என்று அழகுமலை உருகிப்போனான்.

"கலாஸ், முடிஞ்சுது. நாளையிலேருந்து நீ வந்துடு சுஐபு. அழகுமலை, உனக்கு சைட் டூட்டிதான்" என்றார் பாலமுரளி.

தொட்டிச் சாவியோடு வெளியே வந்த சுஐபு, அழகுமலையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"டேங்கர்காரங்க முப்பதுன்னு எழுதிட்டு இருபதுதான் இறக்குவாங்க, மிச்சக் காசுல பாஸுக்கும் பங்கு. ஒரு வருஷம் ஹோஸ் பிடிச்சவனுக்குத் தெரியாதா, இவங்களுக்கு எப்படிப்பட்ட ஆளு வேணும்னு? எனக்கும் வெயில் தாங்கலை மாப்ளே."