ஏழாம் நம்பர் படகு

“பூட்டி வைன்னு சொன்ன ஏழாம் நம்பரை யாரைக் கேட்டு எடுத்து விட்டே?”

படகுத்துறை மேனேஜர் ஜன்னல் வழியே கை நீட்டினார். ஞாயிறானால் பாதி நகரமே அந்த நீர்த்தேக்கத்தில்தான் கிடக்கும். இன்று வார நாள், துறை காலி. நடுத் தண்ணீரில் ஒரேயொரு மிதிபடகு, செக்குமாடு கணக்காய்ச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு கணவன், மனைவி.

படகுக்காரர் தலையைச் சொறிந்தார்.

“ரெண்டு பேரும் ஒரே சீரா மிதிச்சாத்தான் அது நேரா போகும். இல்லேன்னா நின்ன இடத்துலயே சுத்தும். ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?” என்றார் மேனேஜர்.

“தெரியும் சார்.”

“நல்ல படகு ஆறு சும்மா நிக்குது. அவங்களே ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு வந்தாங்க. ‘அவளை ஏறச் சொல்லுய்யா’ங்கிறார் அவர். ‘அவரைத் தள்ளி உட்காரச் சொல்லுங்க’ங்கிறாங்க அந்தம்மா. எல்லாம் என் காதுல விழுந்துச்சு. எரியிற நெருப்புல எண்ணெயை ஊத்திட்டியே.”

படகுக்காரர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“அவங்க புகார் எழுதினா, நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்.”

ஒன்றரை மணி நேரம் கழித்துப் படகு கரை சேர்ந்தது. இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

“ஒண்ணுன்னா மிதிக்கணும். நீங்க ரெண்டுக்கு மிதிச்சா?” என்றாள் மனைவி.

“நீ ஒண்ணையே மூணு தடவை சொன்னியே,” என்றார் கணவர்.

மேனேஜர் புகார் நோட்டோடு ஓடினார். கணவர் அவரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“புகாரெல்லாம் வேண்டாம் சார். காலையில போன் பண்ணி அந்தப் படகைக் கேட்டதே நான்தான். வீட்டுல பன்னிரண்டு நாளாப் பேச்சே இல்லை. அவளுக்குத் தெரிஞ்சா மானம் போயிடும்.”

அவர் வண்டி எடுக்கப் போனதும் மனைவி வந்தாள்.

“அந்த அண்ணனைத் திட்டாதீங்க சார். நேத்தே வந்து ஏழாம் நம்பர்தான் வேணும்னு சொல்லி வச்சது நான். இவர் காதுல போட்டுடாதீங்க. அப்புறம் கையில பிடிக்க முடியாது.”

வண்டி போனது. மேனேஜருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“அடப்பாவி, வேலையே போயிருக்கும். ரெண்டு பேருமே கேட்டாங்கன்னு எங்கிட்டயாவது வாயைத் திறந்திருக்கலாம்ல?”

“எப்படி சார்? ‘ஒருத்தருக்கும் தெரியக் கூடாது’ன்னு அவர் சத்தியம் வாங்கினார். ‘ஒருத்தருக்கும் தெரியக் கூடாது’ன்னு அந்தம்மாவும் சத்தியம் வாங்கினாங்க. பன்னிரண்டு நாள்ல ரெண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. அதையும் நான் கெடுக்கவா?”